நோய்க்கொள்ளிடம்: யானைக்கால் நோயும் விலங்குகளும்

முன்னுரை

திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகின்றது. தென்கிளை காவிரி என்னும் பெயரோடே தொடர்ந்து செல்ல, வடகிளை கொள்ளிடம் என்னும் பெயர் பெறுகின்றது. இவ்விரண்டிற்கும் இடையே அமைந்த தீவே திருவரங்கம். பாசனத்திற்கு வேண்டும் நீர் காவிரியிற் செல்லும். பெருகி வரும் வெள்ளத்தை ஏற்றுக்கொள்வது கொள்ளிடம். கொள்ளும் இடம் ஆதலின் கொள்ளிடம் ஆயிற்று என்று பொருள் கூறுவது வழக்கம். தான் கொண்ட நீர் அனைத்தையும் அது கடலுக்கே ஈந்துவிடுவதும் இல்லை. 1830-களில் ஆர்தர் காட்டன் கட்டுவித்த கீழணையில் தடுக்கப்பெற்று, அந்நீரின் ஒரு பகுதி வடவாற்றின் வழியே வீராணம் ஏரியைச் சென்றடைகின்றது. எனவே, கொள்ளுதல், வைத்திருத்தல், பின்னர் வழங்குதல் ஆகிய மூன்று தொழிலும் அவ்வாற்றுக்கு உண்டு எனலாம்.

இம்மூன்று தொழிலையும் ஒருங்கே உணர்த்தும் சொல் ஒன்று மருத்துவத் தமிழுக்கு இன்று தேவைப்படுகின்றது. கொசு, ஈ முதலிய பூச்சிகளாற் பரவும் ஒட்டுண்ணி நோய்களை ஆராய்வோர் கேட்கும் முதல் வினா, "நோயாளியிடம் இல்லாத காலத்தில் நோய் எங்கே இருக்கின்றது?" என்பதாம். சில நோய்கள் நாயிடம் இருக்கின்றன. சில மாட்டிடமும் குரங்கிடமும் இருக்கின்றன. சில மனிதனிடமே இருக்கின்றன. அவ்வாறு நோயைக் கொண்டு வைத்திருந்து வழங்கும் உயிரினத்தை நோய்த்தேக்கம் என்றும், சேமிப்பகம் என்றும், உறைவிடம் என்றும் பலவாறு மொழிபெயர்க்கின்றனர். தேக்கம் என்பது நின்று கிடத்தலை மட்டும் காட்டும். சேமிப்பகம் என்பதில் வேண்டுமென்றே ஈட்டிவைத்தல் என்னும் பொருள் கலந்து நிற்கின்றது. உறைவிடம் என்பது தங்குதலைக் காட்டுமேயன்றி வழங்குதலைக் காட்டாது. ஆதலின், நோய்க்கொள்ளிடம் என்னும் சொல்லை இக்கட்டுரை முன்வைக்கின்றது. சொல்லை முன்வைப்பதோடு அமையாது, அச்சொல்லின் பொருள் தெளிவாக விளங்காமையால் யானைக்கால் நோயைப் பற்றி மக்களிடையே நிலவும் பிழையான எண்ணங்களை எடுத்துக்காட்டுவதும் இதன் நோக்கமாகும்.

கொள்ளிடமும் கால்வாயும்

முதற்கண் ஒரு வேறுபாட்டை மனத்திற் கொள்ளல் வேண்டும். கடிக்கும் பூச்சி வேறு; கொள்ளிடம் வேறு. பூச்சி நோயைச் சுமந்து செல்வது. அதன் வாழ்நாள் சில நாள்களோ சில வாரங்களோ ஆகும். கொள்ளிடமாவது நோயைப் பல திங்களோ பல ஆண்டுகளோ தன்னகத்தே வைத்திருப்பது. பாசன உவமையாற் கூறின், பூச்சி கால்வாய். கொள்ளிடம் அக்கால்வாய்க்கு நீர் வழங்கும் ஆறு.

ஒரு விலங்கு நோய்க்கொள்ளிடம் ஆவதற்கு நான்கு இயல்புகள் வேண்டும். நோய்க்கிருமி அதன் உடலிற் புகுந்து பெருகுதல் வேண்டும். அந்நோயால் அவ்விலங்கு விரைவில் இறந்துபடாதிருத்தல் வேண்டும். பூச்சி உறிஞ்சுதற்கு எட்டும் வகையில் அதன் குருதியிலோ தோலிலோ கிருமி இருத்தல் வேண்டும். அவ்விலங்கைக் கடிக்கும் பூச்சியே மனிதனையும் கடித்தல் வேண்டும். இந்நான்கனுள் ஒன்று குறையினும் அவ்விலங்கு கொள்ளிடம் ஆகாது.

கருங்காய்ச்சல் எனப்படும் காலா ஆசார் நோய் இதனை நன்கு விளக்கும். அந்நோயின் கிருமியை 1903 ஆம் ஆண்டில் சென்னை அரசு பொது மருத்துவமனையில் பணியாற்றிய சார்லசு டோனவன் நோயாளியின் மண்ணீரலிற் கண்டார். அதே ஆண்டில் இங்கிலாந்தில் இலீசுமன் என்பாரும் அதனை வெளியிட்டமையின், இருவர் பெயரும் சேர்ந்து அக்கிருமிக்கு வழங்குகின்றன. ஐந்து ஆண்டுகள் கழித்து, 1908 ஆம் ஆண்டில், தூனிசு நகரில் சார்லசு நிக்கோல் அவ்வினக் கிருமியை நாய்களின் உடலிற் கண்டறிந்தார். நடுநிலக் கடலைச் சூழ்ந்த நாடுகளில் அந்நோய்க்கு நாயே கொள்ளிடம் என்பது அதனால் விளங்கிற்று. இந்தியாவிலோ நிலைமை வேறு. பீகார் முதலிய இடங்களில் நோயைப் பரப்பும் மணல் ஈ மாட்டின் குருதியையும் மிக விரும்பி உறிஞ்சும். எனினும் மாடு அக்கிருமியை வைத்திருந்து வழங்குவதில்லை. இங்கே மனிதனே கொள்ளிடம். காய்ச்சல் தீர்ந்த பின்னும் சிலருடைய தோலில் வெளிறிய திட்டுகளாகவும் முடிச்சுகளாகவும் அந்நோய் ஆண்டுக்கணக்கில் எஞ்சியிருப்பது உண்டு. அத்தகையோரிடமிருந்து மணல் ஈ மீண்டும் கிருமியைப் பெறுகின்றது. ஒரே குடும்பத்தைச் சேர்ந்த கிருமிகளுக்கு ஒரு நாட்டில் நாயும் மற்றொரு நாட்டில் மனிதனும் கொள்ளிடமாதலைக் காண்கின்றோம். தூனிசில் நாயைக் கவனித்தல் அறிவுடைமை. பீகாரில் நாயைக் கொல்வதாற் பயன் சிறிதும் இல்லை.

கொள்ளிடத்தைப் பிழைபட உணர்ந்தால் விளையும் கேடு சிறிதன்று. ஆப்பிரிக்காவில் தூக்கநோயையும் கால்நடைகளின் நலிவு நோயையும் பரப்பும் செட்சி ஈக்களை ஒழிக்கும் பொருட்டு, இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் தெற்கு ரொடீசியா முதலிய பகுதிகளில் மான் முதலிய காட்டு விலங்குகள் இலட்சக்கணக்கிற் சுடப்பட்டன. அந்நோய்களுள் சிலவற்றுக்குக் காட்டு விலங்கு கொள்ளிடமே. ஆயினும், எந்த விலங்கு, எந்த ஈ, எந்தக் கிருமி என்று பிரித்தறியாமல் விலங்கினம் முழுவதையும் பகையாகக் கருதியதன் விளைவே அப்பேரழிவு எனலாம்.

முட்டி நிற்கும் கிளைகள்

கால்வாயின் ஒரு கிளை வயலை அடையாமல் மேட்டில் முட்டி நின்றுவிடுவது உண்டு. நோயின் ஓட்டத்திலும் அத்தகைய கிளைகள் உள.

நம் தெருநாய்களின் தோலுக்கடியில் நூல் போன்ற ஒருவகைப் புழு வாழ்கின்றது. அதன் குஞ்சுகள் நாயின் குருதியில் உலவ, கொசு அவற்றை ஒரு நாயிடமிருந்து மற்றொரு நாய்க்குக் கொண்டு செல்லும். அக்கொசு எப்பொழுதேனும் மனிதனைக் கடித்தால், புழு அவன் தோலின் கீழோ கண்ணின் வெண்படலத்தின் கீழோ வந்து தங்கும். கேரளத்திலும் இலங்கையிலும் இத்தகைய நோயாளிகள் பலரைக் கண் மருத்துவர்கள் கண்டுள்ளனர். புழுவை அறுவை மூலம் எடுத்துவிட்டால் நோய் தீரும். மனித உடலில் அப்புழு பொதுவாகக் குஞ்சுகளைக் குருதியிற் பரப்புவதில்லை. எனவே, ஒரு மனிதனிடமிருந்து மற்றொருவனுக்கு அது செல்லாது. நாய் கொள்ளிடம், மனிதன் முட்டி நிற்கும் கிளை.

மாடு, எருமை, குதிரை, ஒட்டகம், யானை முதலியவற்றைப் பற்றும் சர்ரா நோய் மற்றொரு சான்று. 1880 ஆம் ஆண்டில், இன்று பாகித்தானத்தில் உள்ள தேரா இசுமாயில் கானில், கிரிபித்து எவான்சு என்னும் கால்நடை மருத்துவர் குதிரைகளின் குருதியில் அதன் கிருமியைக் கண்டார். குதிரைக்கும் ஒட்டகத்திற்கும் அது கொடிய நோய். எருமையும் மாடும் பெரும்பாலும் நோயின் குறி காட்டாமலே அதனைத் தாங்கி நிற்கும். அமைதியாக நிற்கும் அவ்வெருமையே குதிரையின் நோய்க்குக் கொள்ளிடமாதல் காண்க. மனிதனின் குருதியில் உள்ள ஒரு புரதம் அக்கிருமியைக் கொன்றுவிடுவதால் நாம் காக்கப்படுகின்றோம். 2004 ஆம் ஆண்டில் மகாராட்டிரத்தின் சந்திரபூர் மாவட்டத்தில் உழவர் ஒருவருக்கு இந்நோய் கண்டது. அவர் குருதியில் அப்புரதம் இல்லை என்பது பின்னர் ஆராய்ச்சியால் தெரியவந்தது.

ஒட்டுண்ணியால் வாராது வைரசால் வருவதாயினும், சப்பானிய மூளைக்காய்ச்சலும் இவ்வழியே செல்வது. இந்தியாவில் அது முதன்முதல் உணரப்பட்டது 1955 ஆம் ஆண்டில், வேலூரில். நெல்வயல் நீரில் வளரும் கொசு அதனைப் பரப்பும். கொக்கு, நாரை இனங்கள் அதற்குக் கொள்ளிடம். பன்றியின் உடலில் அது மிகப் பெருகும். மனிதனின் குருதியிலோ கொசுவுக்குப் போதுமான அளவு அது இருப்பதில்லை. நோயால் அவன் உயிர் துறக்கவும் கூடும். எனினும் அவனிடமிருந்து அந்நோய் பிறருக்குப் பரவாது.

பெயரில் உள்ள யானை

இனி, காவிரிக் கரைக்கு மீள்வோம். திருவரங்கத் தீவிலேயே அமைந்தது திருவானைக்கா. வெண்ணாவல் மரத்தடியில் இருந்த இலிங்கத்தை யானை நீரும் மலரும் கொணர்ந்து வழிபட்டதாகவும், சிலந்தி மேலே வலை பின்னி நிழல் செய்ததாகவும் அத்தலத்தின் வரலாறு கூறும். ஆனைக்கா என்பது யானை வழிபட்ட சோலை. ஆனைக்கால் என்பது கால் வீங்கும் நோய். ஓர் எழுத்தே வேறுபாடு. பொருளோ பெரிதும் வேறு. யானையை இவ்வளவு அன்போடு போற்றும் நிலத்தில், அதன் பெயரையே ஒரு கொடிய நோயும் தாங்கி நிற்பது வியப்பன்றோ?

இப்பெயரீடு தமிழுக்கு மட்டும் உரியதன்று. அரபியர் யானை நோய் என்றனர். ஐரோப்பிய மொழிகளில் வழங்கும் பெயரும் யானையின் கிரேக்கப் பெயரடியாகப் பிறந்ததே. வடமொழி மருத்துவ நூலார் சிலீபதம் என்றனர். சுசுருதரின் நூல், பழைய நீர் மிகத் தேங்கி எப்பருவத்தும் குளிர்ந்திருக்கும் நாடுகளில் இந்நோய் மிகுதி என்று குறித்திருப்பது நோக்கத்தக்கது. கொசுவை அறியாத காலத்திலேயே தேங்கிய நீரை அறிந்திருந்தனர். ஆனால் யானை என்னும் பெயர் எம்மொழியிலும் உவமையாகவே வந்தது. தடித்துச் சுருங்கிய தோலையும் தூண் போன்ற வடிவையும் அது குறித்தது. யானைக்கும் இந்நோய்க்கும் எவ்வகைத் தொடர்பும் இல்லை. கோயில் யானையிடமிருந்து இந்நோய் எவருக்கும் வாராது.

நோயின் உண்மையான முதல் நூல் போன்ற ஒரு புழு. தமிழ்நாட்டில் காண்பது உச்சரேரியா பாங்கிராப்டி என்னும் இனம். அது மனிதனின் நிணநீர் நாளங்களில் ஐந்து முதல் எட்டு ஆண்டுகள் வரை வாழும். பெண்புழு ஈனும் நுண்புழுக்கள் ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு நீளம் உடையன. 1872 ஆம் ஆண்டில் கல்கத்தாவில் திமோத்தி இலூயிசு இவற்றை மனிதக் குருதியிற் கண்டார். 1877 ஆம் ஆண்டில் சீனத்தின் அமோய் நகரில் பாட்ரிக் மான்சன், கொசுவின் உடலினுள் அவை வளர்ச்சி பெறுவதைக் கண்டார். பகலில் நுரையீரலின் நாளங்களில் ஒதுங்கியிருந்து, இரவு பத்து மணி முதல் இரண்டு மணி வரை அவை தோலை அடுத்த குருதியில் மிகுந்து உலவும். சாக்கடையிலும் கழிவுநீர்க் குட்டையிலும் வளரும் கியூலெக்சு கொசு கடிக்க வரும் நேரமும் அதுவே. கொசுவின் உடலில் பத்து முதல் பதினான்கு நாள்களில் அவை முதிர்ந்து, அது மீண்டும் கடிக்கும்பொழுது மற்றொருவரின் தோலில் நுழைகின்றன.

இப்புழுவுக்கு இயற்கையில் விலங்குக் கொள்ளிடம் எதுவும் அறியப்படவில்லை. மேற்கூறிய நான்கு இயல்புகளும் பொருந்தி நிற்பவன் மனிதன் ஒருவனே.

மனிதருள்ளும் எவர்?

ஈண்டு ஒரு நுட்பம் உண்டு. மனிதனே கொள்ளிடம் என்றவுடன், கால் வீங்கியவரே பிறருக்கு நோயைத் தருபவர் என்று கருதுவது எளிது. ஊரார் பலரும் அவ்வாறே கருதுகின்றனர். கால் வீங்கியவரோடு மணவுறவு கொள்ள அஞ்சுவோரும், பந்தியில் அவரருகே அமரத் தயங்குவோரும் உளர். உண்மை இதற்கு மாறானது. வீக்கம் முற்றி நிலைபெற்ற நோயாளிகள் பலருடைய குருதியில் நுண்புழு காணப்படுவதே இல்லை. பல ஆண்டுகளுக்கு முன் புழுக்கள் செய்த கேட்டின் எச்சத்தையே அவர்கள் சுமந்து நிற்கின்றனர். நுண்புழு மிகுந்த குருதி உடையோர் பெரும்பாலும் எக்குறியும் இல்லாதவர், நலத்தோடு உழைப்பவர், தம்மிடம் நோய் உண்டு என்று தாமே அறியாதவர். சர்ரா நோயில் அமைதியாக நிற்கும் எருமையை ஈண்டு நினைவு கூர்க. கொள்ளிடம் என்பது துன்புறுவோனின் பெயரன்று. தாங்கி நின்று வழங்குவோனின் பெயர்.

இந்நோய்க்கு அரசு மேற்கொண்ட மருத்துவ முறையின் அடிப்படையும் இதுவே. இந்தியாவில் தேசிய யானைக்கால் நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் 1955 ஆம் ஆண்டில் தோன்றியது. இரவில் குருதி எடுத்து, நுண்புழு உடையோரைக் கண்டு மருந்தளிப்பது பழைய முறை. நள்ளிரவில் ஊர் முழுவதையும் எழுப்பிக் குருதி எடுத்தல் எளிதன்று, பலர் விடுபட்டனர். ஆதலின், நோய் நிலவும் பகுதியில் உள்ளார் அனைவருக்கும் ஆண்டுக்கு ஒருமுறை டைஎதில்கார்பமசின் மாத்திரை வழங்கும் முறை வந்தது. தமிழ்நாட்டில் 1996 ஆம் ஆண்டில் கடலூர்ப் பகுதியில் இது தொடங்கப்பெற்றது. 2004 ஆம் ஆண்டு முதல் நாடளாவிய திட்டமாயிற்று. கருவுற்ற பெண்கள், இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகள், கடும் நோயுற்றோர் ஆகியோர் நீங்கலாக ஏனையோர் அனைவரும் உட்கொள்ள வேண்டும் என்பது விதி.

"எனக்கு நோய் இல்லை; நான் ஏன் விழுங்க வேண்டும்?" என்று மாத்திரையை மறுத்தோர் பலர். கற்றோரும் அவருள் உண்டு. வினா இயல்பானதே. கால் வீங்கியவருக்கே மருந்து என்னும் எண்ணத்தில் நின்று நோக்கின், விடையும் இல்லை. கொள்ளிடம் என்னும் கருத்தை உணர்ந்தவர்க்கோ விடை தெளிவு: அம்மருந்து விழுங்குவோரின் காலுக்கு மட்டும் ஆனதன்று; அவர் குருதியிலிருந்து கொசு எடுத்துச் செல்வதை நிறுத்துவதற்கும் ஆனது. மறுப்போர் சிலராயினும், நுண்புழு அவரிடம் இருக்குமாயின், ஆறு வற்றவில்லை என்பதே பொருள்.

பூனையும் குரங்கும்

யானைக்கால் நோய்க்கு எங்குமே விலங்குக் கொள்ளிடம் இல்லை என்று முடித்துவிடுதலும் பொருந்தாது. புருகியா மலாயி என்னும் மற்றோர் இனப் புழு உண்டு. கேரளத்தின் சேர்த்தலைப் பகுதி அதன் பழைய நிலைக்களம். அதனைப் பரப்பும் மான்சோனியா கொசுவின் இளம்புழுக்கள் ஆகாயத்தாமரை முதலிய நீர்ச்செடிகளின் வேரைத் துளைத்து மூச்சு வாங்குவன. செடியை அகற்றினால் கொசுவும் அழியும். புதுச்சேரியில் 1975 ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற நோய்க்கடத்திகள் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி நடுவம் 1980-களில் சேர்த்தலையில் இவ்வழியிற் பணியாற்றிற்று. அங்கேயும் மனிதனே கொள்ளிடம்.

தமிழர் பலர் தோட்டத் தொழிலாளராய்ச் சென்று வாழ்ந்த மலாயாவிலோ, சதுப்புக் காடுகளை அடுத்த ஊர்களில் அப்புழுவின் வேறொரு வகை உள்ளது. இலைதின்னும் குரங்குகளும் வீட்டுப் பூனைகளும் அதற்குக் கொள்ளிடமாதலை 1950-களில் ஆராய்ச்சியாளர் கண்டனர். அத்தகைய ஊரில் மனிதர் அனைவரும் மருந்துண்டாலும், காட்டிலிருந்தும் அடுப்படிப் பூனையிடமிருந்தும் நோய் மீண்டும் வருதல் கூடும்.

நமக்கு மிக அணித்தான சான்று இலங்கை. அங்கு 1947 ஆம் ஆண்டில் யானைக்கால் நோய் ஒழிப்பு இயக்கம் தொடங்கப்பெற்றது. நீர்ச்செடிகளை அகற்றியதாலும் மருந்தாலும் புருகியா வகை 1960-களின் இறுதியில் மறைந்ததாகக் கருதப்பட்டது. உச்சரேரியா வகையும் குறைந்து, 2016 ஆம் ஆண்டில் இந்நோய் அங்கே ஒரு பொதுநலச் சிக்கலாக இல்லை என்று உலக நலவாழ்வு நிறுவனம் சான்றளித்தது. ஆயினும் ஏறத்தாழ நாற்பது ஆண்டு இடைவெளிக்குப் பின், இந்நூற்றாண்டின் தொடக்கத்தில், புருகியா நோய் சிலரிடம் மீண்டும் தோன்றியது. நாய்களையும் பூனைகளையும் ஆராய்ந்தபொழுது அவற்றின் குருதியில் நுண்புழுக்கள் மிகுதியாகக் காணப்பட்டன. மனிதரிடம் வற்றிய ஆறு விலங்குகளிடம் ஓடிக்கொண்டிருந்தது என்று ஆய்வாளர் ஐயுறுகின்றனர்.

முடிவுரை

இவற்றால் பெறப்படுவன மூன்று. முதலாவது, ஒவ்வொரு நோய்க்கும் அதன் கொள்ளிடத்தைத் தனித்தனியே ஆராய்ந்தறிதல் வேண்டும். ஓரிடத்து உண்மையை மற்றோரிடத்தில் ஏற்றிக் கூறலாகாது. இரண்டாவது, தமிழ்நாட்டு யானைக்கால் நோயில் விலங்குக்குப் பங்கு இல்லாமை நமக்கு வாய்த்த பெரும்பேறு. காட்டையும் தெருவையும் தேடிச் செல்ல வேண்டாதபடி, மனிதரிடமே அது முடிவுறக் கூடும். மருந்தளிப்பு நின்ற பகுதிகளில் ஆறு, ஏழு வயதுக் குழந்தைகளின் குருதியை ஆராய்வது, புதிய தலைமுறைக்கு அந்நோய் செல்லவில்லை என்பதை உறுதி செய்வதற்கேயாம். ஆதலின் பள்ளியில் அவ்வாய்வுக்குக் குழந்தைகளை அனுப்பப் பெற்றோர் தயங்கலாகாது. மூன்றாவது, கால் வீங்கியவரைப் பிறருக்கு நோய் தருபவராக எண்ணி ஒதுக்குதல் அறமும் அன்று, அறிவும் அன்று. நாள்தோறும் காலைக் கழுவித் துடைத்துப் புண் வாராமற் காத்தால் அவர் துன்பம் பெரிதும் குறையும். அதற்குத் துணை நிற்றலே சுற்றத்தார் கடமை.

கலைச்சொல் ஆக்குவோர் நோய்க்கொள்ளிடம் என்னும் சொல்லைச் சீர்தூக்கி நோக்குவாராக. அதனினும் பொருந்திய சொல் ஒன்று கிடைக்குமாயின் ஏற்றுக்கொள்ளத் தடையில்லை. கொள்ளுதல், வைத்திருத்தல், வழங்குதல் ஆகிய மூன்றும் அச்சொல்லால் விளங்க வேண்டும் என்பதே ஈண்டு வற்புறுத்தப்படுவது. பள்ளிப் பாடநூல்களில் யானைக்கால் நோயைப் பற்றி எழுதுவோர், வீங்கிய காலின் படத்தோடு அமையாது, நலமுடையவராய்த் தோன்றுவோரின் குருதியில் நள்ளிரவில் உலவும் நுண்புழுவையும் வரைந்து காட்டுதல் வேண்டும்.